தோள் மாத்து ஊதியவன் இன்னும் சாகவில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாரம்பரியம் இல்லை. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது, இரண்டு வேளை மாத்திரை போடுகிறேன். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, செல்போன்கூட இருக்கிறது. இப்படி முழுசாக ஒரு ஆள் இருக்கும்போது, ஒரு பாட்டுக்குக் கீழே என்னைப் ‘பாரம்பரியம்’ என்று எழுதி வைத்துவிட்டார்கள். பாரம்பரியம் என்றால் என்ன அர்த்தம்? போட்டவன் யாரென்று தெரியாது, எப்போதோ மண்ணாகிப் போயிருப்பான், இனி யாரைக் கேட்பது என்றுதானே? நான் இங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன் ஐயா. வந்து கேட்டிருக்கலாம்.

நான் டிரம்பெட் ஊதுகிறவன். எங்கள் பேண்டு செட்டில் ஏழு பேர். கல்யாணத்துக்குப் போவோம், திருவிழாவுக்குப் போவோம், அதிகமாகப் போவது சாவுக்கு. மற்ற நேரத்தில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட்டில் நின்று லாரி நம்பர் குறித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் அதிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஊதுவதிலிருந்து யாரும் ஓய்வு கொடுக்க முடியாது, முன்பல் இருக்கிறவரை ஊதலாம்.

எங்கள் ஆட்கள் சவப்பெட்டியை வண்டியில் ஏற்ற ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்ணாடி போட்ட ஏ.சி. வண்டியெல்லாம் வந்துவிட்டது, கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வாசலில் நிற்கும். இருந்தாலும் ஆயுசு முழுக்கத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவனையும் ரயில்வேயில் தண்டவாளம் தூக்கினவனையும் கடைசியாகத் தெருக்காரர்கள் தோளில் தூக்கவில்லை என்றால் அப்புறம் என்ன தெரு என்பார்கள். பெட்டியை இரண்டு நீளமான மரத்தண்டின் நடுவில் வைத்துக் கட்டுவார்கள். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். கல்லறை போய்ச் சேர்வதற்குள் தோள் கழன்றுவிடும், அதனால் நடுவழியில் தோள் மாற்ற வேண்டும். தண்டுக்கு வெளியே நடக்கிறவன் உள்ளங்கையால் அதை ஒரு சாண் உயர்த்தி, தலையைக் குனிந்து உள்பக்கம் நுழைந்து, அடுத்த தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும், நடையும் நிற்கக் கூடாது. ஒருத்தன் முந்தினாலும் பெட்டி சாயும்.

தூக்குகிறவர்களுக்குத் தலைவன் என் மச்சான், என் பெண்டாட்டியின் அண்ணன். துறைமுகத்தில் லோடு மேனாக இருந்தவன். ஆள் குள்ளம், கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. முன்பெல்லாம் அவன்தான் ‘மாத்து’ என்று ஒரு சத்தம் கொடுப்பான், எட்டுப் பேரும் மாறிக்கொள்வார்கள். கப்பலில் மூட்டை இறக்கும்போது கூவுகிற அதே கூவல். எங்களுக்கு அது வித்தியாசமாகவே தெரிந்ததில்லை. ஒரு முறை கல்யாணமாகாத ஒரு டீச்சர் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனோம். மச்சான் சத்தம் கொடுத்ததும் அந்தப் பெண்ணின் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“எம் பொண்ணு இன்னா உங்களுக்கு சரக்கா, கூவிக்கினு தூக்கறீங்க?”

மச்சான் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் பெண்டாட்டி வந்து சொன்னாள். ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல், உன் கையில் இருப்பதை வைத்து எதையாவது ஊது, நாங்கள் அதற்கு மாறிக்கொள்கிறோம் என்றான்.

அப்படிப் பிறந்ததுதான் அது. இரண்டு வாரம் எங்கள் மொட்டை மாடியில் ஒத்திகை. இரண்டு சவுக்குக் கட்டையில் எங்கள் கயிற்றுக் கட்டிலைக் கட்டி, அதன்மேல் சிமெண்ட் மூட்டை ஏற்றி, எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார்கள். வீட்டுக்காரர் கீழேயிருந்து கத்துவார், கட்டில் உடைந்தால் எவன் வாங்கிக் கொடுப்பான் என்று என் பெண்டாட்டி மேலேயிருந்து கத்துவாள். நான் நடுவில் நின்று ஊதி ஊதிப் பார்ப்பேன். மொத்தம் ஏழு நோட்டு. ஆறு சின்னது, படி இறங்குகிற மாதிரி கீழே வரும். அது கேட்டதும் கை தண்டுக்குப் போகும். ஏழாவது நீளமானது, மச்சானுடைய நடையில் மூன்று அடி. அந்த மூன்று அடிக்குள் எட்டுத் தலையும் உள்ளே போய் வந்துவிட வேண்டும். சோகமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. ஆள் கழுத்து சுளுக்கக் கூடாது, அதுதான் என் கணக்கு.

அதற்குத் ‘தோள் மாத்து’ என்றே பெயர் வந்துவிட்டது. காசிமேட்டு செட்டுக்காரர் வந்து கேட்டார், சொல்லிக்கொடுத்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து கேட்டார், அவருக்கும் கொடுத்தேன். அவர்களும் தோள் மாற்றத்தான் ஊதினார்கள். மாத்து கேட்டால் வழியில் கடைக்காரன் எழுந்து நிற்பான், ஆட்டோ ஓரம் கட்டும். பெட்டிக்கு அடியில் போகிற ஆட்கள் பழகப் பழக, யோசிக்காமலே அவர்கள் உடம்பு அதற்கு வேலை செய்ய ஆரம்பித்தது.

போன வருடம் மகள் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், அப்பா உன் டிரம்பெட் என்று. நல்லது செய்கிற நினைப்பில்தான் காட்டினாள் பாவம். ஒரு பாட்டு. ஒருத்தன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மீன் வலை மேல் நடக்கிறான், பின்னால் புகை, நாலு பேர் கையில் பட்டாக்கத்தி. எங்கள் பக்கத்தை எவன் படம் பிடித்தாலும் கத்தி இல்லாமல் பிடிக்க மாட்டான், அது இருக்கட்டும். நடுவில் திடீரென்று எல்லாம் நின்றது, என் மாத்து வந்தது. என் மூச்சு, என் டிரம்பெட்டில் இரண்டாவது வால்வு ஒட்டிக்கொள்கிற அந்தக் கரகரப்பு. பொய் சொல்ல மாட்டேன், அரை நிமிடம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அப்புறம்தான் அவன் செய்த வேலை காதில் விழுந்தது. ஏழாவது நோட்டைப் பாதியில் நறுக்கியிருந்தான். நறுக்கி, திரும்ப முதலிலிருந்து விட்டு, மறுபடி நறுக்கி, இப்படி நாலு தடவை. நாலாவது தடவை முடிந்ததும் டமார் என்று மேளம் விழுகிறது, எல்லாரும் ஆடுகிறார்கள். மகளிடம் யார் பெயர் போட்டிருக்கிறது என்று கேட்டேன். கீழே உருட்டிப் படித்தாள். பாட்டு எழுதியவன், பாடியவன், மேளத்தைக் கோத்தவன், தலைமுடி வாரி விட்டவன்வரை பெயர் இருந்தது. கடைசியில் ‘வட சென்னை பாரம்பரிய சாவு மேளம்’ என்று இருந்தது. அது மேளமே இல்லை. ஊதுகுழலுக்கும் மேளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் பாரம்பரியத்தைப் பற்றி எழுதுகிறான்.

பாட்டு பற்றிக்கொண்டது. ஷேர் ஆட்டோவில் அது, ஜூஸ் கடையில் அது, கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை பெண் உள்ளே வரும்போது அது. சாவுக்கு ஊதுவதைப் போட்டுக்கொண்டு மணமேடைக்கு வருகிறார்களே, வயிறு எரியாதா எனக்கு? ஒரு நாள் தொண்டையார் தெருவில் நிஜமான சாவில் நான் மாத்து ஊதினபோது, கூட்டத்தின் பின்னாலிருந்து இரண்டு பையன்கள் விசிலடித்தார்கள். செத்தவருடைய பெண்டாட்டி அவர்களைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என்னம்மா செய்வேன் என்று அவளிடம் போய்ச் சொல்லவா முடியும்?

டீக்கடையில் ஒரு நாள் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடையில் அந்தப் பாட்டு ஓடியது. மாத்து வந்ததும் அவன் கை தானாக மேலே போய் இல்லாத தண்டைப் பிடித்தது, டீ சிந்தியது. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இது பேஜாரு மச்சான், போய் அந்த ஆளைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா என்றான். பாட்டுதானே, நாலு மாதத்தில் ஓய்ந்துவிடும் என்று சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் நானே திட்டிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் கோயில் திருவிழா. மாதா சப்பரம் சாயங்காலம் புறப்பட்டது. சப்பரத்துக்குத் தோள் மாற்றுவது கிடையாது. தெருமுனைக்குத் தெருமுனை முட்டுக் கொடுத்து இறக்கி வைப்பார்கள், ஆள் மாறுவார்கள். இடது பக்கத் தண்டில் மச்சானும் அவனுடைய பழைய ஆட்களும், எல்லாம் சாவுக்குத் தூக்கித் தழும்பேறின தோள். வலது பக்கம் முழுக்க இளவட்டம். பேண்டு செட்டு முன்னால் மாதா பாட்டு வாசித்துக்கொண்டு போனது. மூச்சு வாங்க நாங்கள் நிறுத்தின இடம், ஒரு செல்போன் கடை வாசல். அவன் திருவிழா வியாபாரத்துக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்து வைத்திருந்தான். எங்கள் சத்தம் நின்ற அடுத்த நொடி அவன் சத்தம் கேட்டது. அதில் வந்தது என் மாத்து.

இடது பக்கம் நாலு பேரும் குனிந்து உள்ளே போனார்கள். யோசித்தா போனார்கள்? சுமை தோளில் இருந்தது, மாத்து காதில் விழுந்தது, உடம்பு போய்விட்டது. வலது பக்கத்துப் பையன்களுக்கு அது வெறும் பாட்டு, அவர்கள் நேராக நடந்தார்கள். அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்கள். அந்தப் பாட்டில்தான் நோட்டை நறுக்கித் திரும்ப விட்டிருக்கிறானே. உள்ளே போனவர்கள் நிமிர்வதற்குள் மறுபடி மாத்து. இரண்டு பேர் திரும்ப வெளியே வந்தார்கள், இரண்டு பேர் உள்ளேயே நின்றார்கள், மூன்றாவது தடவை வந்தபோது யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சப்பரம் இடது பக்கம் சாய்ந்தது. பூவும் சீரியல் பல்பும் மாதாவுமாக அத்தனை எடையும் ஒரே தோளில் இறங்கியது. அது மச்சானுடைய தோள். விட்டுவிட்டு விலகியிருக்கலாம், அவன் விடவில்லை. கூட்டம் ஓடி வந்து பிடிக்கிறவரை முட்டி போட்டு நின்றான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, நான் மூன்றடி தூரத்தில்தான் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

மாதாவுக்கு ஒரு கீறல் இல்லை, புதுமை, மாதாவே செய்த அற்புதம் என்றார்கள். மச்சானுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு இரண்டாகப் போய், தகடு வைத்து ஸ்குரு போட்டார்கள். இனிமேல் தோளில் துண்டைத் தவிர வேறெதுவும் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் பெண்டாட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, யோவ், உன் ஊதலால்தான் எங்கண்ணன் படுத்துவிட்டான் என்றாள். ஆத்திரத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

விசாரித்தேன். பாட்டைக் கோத்தவன் வெளியூர்க்காரன், பெரிய ஸ்டூடியோக்காரன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திருவொற்றியூர்தானாம். தேரடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டின் மேல்மாடி, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டின அறை, மீனை வைத்தால் கெடாத அளவுக்கு ஏ.சி. இருபத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. நான் யாரென்று சொல்வதற்கு முன்னாலேயே எழுந்து நின்று, அங்கிள் உட்காருங்க என்றான். அவனுடைய பெரியப்பா சாவுக்கு நான்தான் ஊதினேனாம். அன்றைக்கு அவனே போனில் பிடித்ததாம் அது. இன்றைக்கும் அதைக் கேட்டால் தனக்கு அழுகை வரும் என்று சொன்னான், கண்ணும் கலங்கியது, நடிப்பு இல்லை. எனக்கு அதில்தான் கோபம் தலைக்கு ஏறியது. அப்படியென்றால் உனக்குத் தெரியும். ஊதினவன் யார், எந்தத் தெரு, உயிரோடு இருக்கிறான், எல்லாம் தெரிந்துதான் பாரம்பரியம் என்று எழுதினாயா என்று கேட்டேன்.

அவன் எலிக்குட்டி மாதிரி இருந்த ஒரு கருவியை மேசையில் உருட்டிக்கொண்டே சொன்னான். பாட்டை வெளியிடும் கம்பெனி ஒரு ஃபாரம் கொடுக்குமாம். சத்தத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று அதில் ஒரு கட்டம். பெயர் எழுதினால் அந்த ஆளிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அதை அவர்கள் சரிபார்க்க வேண்டும், பத்துப் பதினைந்து நாள் ஆகும். பாரம்பரியம் என்று எழுதினால் கேள்வியே இல்லை, அன்றைக்கே போய்விடுமாம். என் வீட்டுக்கு வர ஒரே பஸ். அந்த ஒரு பஸ் ஏறச் சோம்பல்பட்டு என்னைச் சாகடித்திருக்கிறான்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. நீங்கள் மட்டும் சாவு வீட்டில் சினிமா பாட்டு ஊதவில்லையா, யாரைக் கேட்டு ஊதினீர்கள் என்றான். கேட்பான் என்று தெரியும். ஊதுகிறேன்தான். செத்தவனுக்குப் பிடித்த பாட்டு எதுவென்று வீட்டில் கேட்பேன், அதை ஊதுவேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது யார் போட்ட மெட்டு என்று தெருவில் நிற்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். இது பாரம்பரியம், போட்டவன் செத்துவிட்டான் என்று நான் எந்தச் சாவிலும் சொன்னதில்லை. என் ஊதலில் அந்தப் பாட்டு கெட்டுப்போய் யார் தோளும் உடைந்ததும் இல்லை. இது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும். வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் யோசித்தும் இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

பெயரை மாற்றிப் போட்டுவிடுகிறேன் என்றான். எனக்குப் பெயர் வேண்டாம், எடுத்துவிடு என்றேன். அது இனிமேல் என் கையில் இல்லை அங்கிள், கம்பெனிக்குப் போய்விட்டது என்றான். அவன் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும், கெட்டவன் முகம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒன்று சொன்னான் பாருங்கள். “நீங்க வேணும்னா வேற ஒண்ணு போட்டுக்கலாமே அங்கிள்.”

என் வாயில் நல்லா வந்தது, அடக்கிக்கொண்டேன். எழுந்து கதவுவரை போய்த் திரும்பி ஒன்றுதான் சொன்னேன்.

“தம்பி, அது பாட்டு இல்ல. அதுக்கு அடியில ஆளு கீறான்.”

அப்புறம் என்ன, வேறொன்று போட்டேன். போடாமல் என்ன செய்வது? சாவு நிற்குமா? ஐந்து நோட்டு, இது மேலே ஏறும். மச்சான் கையைத் துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்து, மூன்று அடி வருகிறதா என்று பார்த்துச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பின்பக்கம் தூக்குகிறவர்களைக் கூட்டி, வாயாலேயே முனகிக் காட்டினேன். டிரம்பெட்டை வெளியே எடுக்கவில்லை. வருகிறவன் எல்லாம் போனை என் பெண்டாட்டியின் காய்கறிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். எவனாவது பாக்கெட்டைச் சொறிந்தால்கூடத் திட்டினேன். ஆறு வாரம். பழையதை இனி ஊதப் போவதில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் பிள்ளையைத் தூக்கி யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தவன் மாதிரிதான் இருந்தேன்.

புதுசை முதன்முதலாக ஊத வேண்டி வந்தது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவருடைய சாவில். மச்சானுக்கு அவர் பழைய கூட்டாளி. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். கடலுக்குப் போகும் முன்னால் எங்கள் எட்டுப் பேரில் அவனும் ஒருவன். பின்பக்கம், வலது தண்டு. எங்கேயோ நடுக்கடலில் இருக்கிறான், வர முடியாது என்று வீட்டில் அழுதுகொண்டே சொன்னார்கள்.

பகல் மூன்று மணிக்கு எடுத்தோம். பாதி வழியில், தோள் மாற்றும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், டிரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டு நிமிர்ந்தேன். எதிரே ஆறு ஏழு போன் என் முகத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தது. எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. டிரம்பெட்டை இறக்கினேன். எல்லாரும் போனை உள்ளே வையுங்கள், இல்லையென்றால் ஊத மாட்டேன் என்று நடுத்தெருவில் கத்தினேன். பேண்டு செட்டு நின்றது. பெட்டியும் நின்றது. சிலர் உள்ளே வைத்தார்கள். செத்தவருடைய மகள் மட்டும் வைக்கவில்லை. உயர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்த்தும் கத்தினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கத்தினேன்.

“அண்ணன் கப்பல்ல கீது அங்கிள்,” என்றாள். “பாத்துகினு கீது.”

அப்போதுகூட என் புத்தி இறங்கவில்லை. அப்புறம் காட்டிக்கொள்ளம்மா, இந்த ஒரு நிமிடம் அணை என்றேன். எட்டுப் பேர் சுமையோடு வெயிலில் நிற்கிறார்கள், ஒருத்தன் கால் மாற்றி மாற்றி வைக்கிறான். மச்சான் ஓரமாக என் பக்கத்தில் வந்தான்.

“மச்சான். தோள்ல கீது. ஊது.”

சத்தம் உயர்த்தவில்லை அவன். அந்தப் பெண் போனைத் திருப்பி எனக்குக் காட்டினாள். இரும்புச் சுவர் போட்ட ஒரு சின்ன அறை. ஆரஞ்சுச் சட்டையில் அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான், எங்கள் நடையில். நாங்கள் நின்றதால் இப்போது அவனும் நின்றான். ஒரு கை தோளுக்குப் பக்கத்தில், தண்டைப் பிடித்த மாதிரி விரல் மடங்கியிருந்தது. அங்கேயிருந்து அப்பனைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். தலையைச் சாய்த்து, காதைப் போன் பக்கம் கொடுத்து, மாத்துக்காகக் காத்திருக்கிறான்.

அவனுக்குப் புதுசு தெரியாது. நான் ஆறு வாரம் கூடையில் போன் வாங்கி வைத்துக்கொண்டு ஒளித்துச் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

மச்சானும் போனைப் பார்த்தான். தூக்குகிறவர்களிடம் போய், பழசு, பழசு என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு வந்தான். கை காட்டினான், நடை தொடங்கியது. கப்பலிலும் தொடங்கியது. நான் டிரம்பெட்டை எடுத்துப் பழையதை ஊதினேன். இரண்டாவது வால்வு எப்போதும் போல ஒட்டியது. பின்னால் எவனோ விசிலடித்தான், உள்ளே போன போன்களும் வெளியே வந்துவிட்டன. நான் நிறுத்தவில்லை. ஏழாவது நோட்டை மச்சானுடைய மூன்று அடி அல்ல, நாலு அடிக்கு இழுத்தேன், அங்கே போய்ச் சேர நேரம் பிடிக்குமே என்று. எட்டுத் தலை தண்டுக்கு அடியில் குனிந்து போயிற்று. அந்தச் சின்ன அறையில் ஒன்பதாவது தலையும் குனிந்தது. ஒரு அடி தாமதமாக அந்தப் பக்கம் நிமிர்ந்து, அடுத்த தோளில் வாங்கிக்கொண்டு நடந்தது.